பத்ரியின் கப்பலில் ஒரு ஆள் குறைச்சல்

ஔந்தில் சேஷுவின் ஃப்ளாட்டுக்கு நேர் மேலே பத்ரி ஃப்ளாட் வாங்கினான். இவ்வளவு பெரிய புனேயில் அவனுக்கு வேறு இடமே அகப்படவில்லையா? வாங்கினது போதாதென்று தரைக்குப் பளிங்கு வேறு போட்டான். கல் அறுக்கிற சத்தம் ஒரு மாசம் சேஷுவின் தலைமேல் கேட்டது. காதில் பஞ்சை வைத்துக்கொண்டு படுத்தாலும், வயிற்றெரிச்சலை எதை வைத்து அடைக்கிறது?

இரண்டு பேரும் ஒரே வருஷம் கப்பலில் கேடட்டாகச் சேர்ந்தவர்கள். கேப்டன் பரீட்சையில் பத்ரி முதல் தடவையே தேறிவிட்டான். சேஷு மூன்றாம் தடவை தேறினான். தேறி என்ன பிரயோஜனம்? எந்தக் கம்பெனியும் அவனை நம்பிக் கப்பலைக் கொடுக்கவில்லை. அம்மு பிறந்ததும் வைஜயந்தி, "அலைஞ்சது போறும், கரையிலேயே ஏதாவது பாருங்கோ" என்றாள். பம்பாய்த் துறைமுகத்தில் சர்வேயர் உத்தியோகம் கிடைத்தது. வாரம் முழுக்க அங்கே, சனி ஞாயிறு புனேயில்.

வெளிநாட்டுக் கொடி கட்டி வரும் கப்பல்களில் ஏறிப் பார்ப்பதுதான் வேலை. சட்டப்படி எத்தனை பேர் வேண்டுமோ அத்தனை பேர் இருக்கிறார்களா, அவர்களுடைய சர்டிபிகேட்டெல்லாம் அசல்தானா, ஒழுங்காகத் தூங்க விடுகிறார்களா என்று பார்க்க வேண்டும். குற்றம் பெரிசாக இருந்தால் கப்பலை நகர விடாமல் நிறுத்திவிடலாம். துறைமுகத்தில் சேஷுவைக் கண்டால் எப்பேர்ப்பட்ட கேப்டனும் எழுந்து நிற்பான். ஆனால் அது ஔந்தில் யாருக்குத் தெரியும்? கணபதி உற்சவத்தில் சொசைட்டிக்காரர்கள் "கேப்டன் சாப், கேப்டன் சாப்" என்று பத்ரியைத்தான் ஆரத்தி எடுக்கக் கூப்பிட்டார்கள். சேஷுவின் கையில் செருப்பு டோக்கன் கொடுக்கிற வேலையைக் கொடுத்தார்கள். அன்றைக்கு அவன் ஒரு மோதகத்தைக்கூடத் தொடவில்லை.

வீட்டிலும் அதே பாட்டுத்தான்.

"ஏன்னா, பத்ரி தன் ஆத்துக்காரி சரசாவுக்குப் புது வாஷிங் மெஷின் கொண்டு வந்திருக்கார். துணி காஞ்சே வெளில வரதாம்."

"மடிச்சு பீரோல வைக்கறதா?"

வைஜயந்தி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அம்மு விடவில்லை. "அப்பா, ஸ்கூல்ல கெரியர் டே இருக்கு. பத்ரி அங்கிளைக் கேக்கறியா? யூனிஃபார்ம் போட்டுண்டு வந்தா மஸ்த் இருக்கும்!"

பெற்ற பெண் கேட்கிற கேள்வியா இது? ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, அந்த பத்ரி தலையைக் குனிந்து நிற்கிறதைப் பார்த்துவிட வேண்டும் என்று சேஷு மனசுக்குள் கறுவிக்கொண்டான்.

இரண்டாயிரத்து இரண்டில் அதற்கு வழி பிறந்தது. ஒரு திங்கட்கிழமை ஆபீசுக்குப் போனால், வந்திருக்கும் கப்பல்களில் பத்ரியின் கப்பலும் இருந்தது. மேலதிகாரி ஸ்வாமிநாதன், "உன் ஃப்ரெண்டு கப்பலாச்சேப்பா. வேற யாரையாவது அனுப்பறேனே" என்றார்.

"வேண்டாம் சார், நானே போறேன்" என்று சேஷு துள்ளி எழுந்தான்.

ஏணியின் உச்சியில் பத்ரி நின்றான். "வாடா சேஷு" என்று கட்டிக்கொண்டான். அவன் கண்ணுக்குக் கீழே கருவளையம் அப்பியிருந்தது. சேஷு கண்ணில் பட்டதென்னவோ அவன் தோளில் இருந்த நாலு தங்கப் பட்டைதான். இருக்கட்டும், இன்றைக்கு ஒரு கை பார்த்துவிடலாம் என்று உட்கார்ந்தான்.

சர்டிபிகேட்டெல்லாம் அப்பழுக்கில்லாமல் இருந்தன. சேஷுவுக்குச் சப்பென்று ஆகிவிட்டது. ஆட்களை எண்ணும்போதுதான் முகத்தில் களை வந்தது. கேப்டனைத் தவிர, முறை போட்டுக் கப்பலை ஓட்டுகிற அதிகாரிகளாக மூன்று மேட் இருக்க வேண்டிய கப்பலில் இரண்டு பேர்தான் இருந்தார்கள். இரண்டாம் மேட் குடல்வால் வலி வந்து சிங்கப்பூரிலேயே ஆஸ்பத்திரியில் இறங்கிவிட்டான். அப்புறம் இரண்டு துறைமுகம் தாண்டியும் மாற்று ஆள் ஏறவில்லை. கம்பெனியின் ஏஜெண்ட் இந்தியில் குழைந்தான். அடுத்த துறைமுகத்தில் ஆள் கட்டாயம் ஏறிவிடுவாராம், கம்பெனி வாக்குக் கொடுத்திருக்கிறதாம். இந்த மாதிரி வாக்கை நம்பிக் காப்பி குடித்துவிட்டு இறங்கிவிடுவது துறைமுகத்தில் வழக்கம்தான்.

சேஷு காப்பியைத் தள்ளி வைத்தான். மூன்றாம் மேட்டைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னான். தூங்கின நேரம் எழுதின தாள் எந்தக் கப்பலிலும் லட்சணமாகத்தான் இருக்கும். அதனால் சேஷு அதைப் பார்ப்பதற்கு முன்னால் ஒரே ஒரு கேள்வி கேட்பான்.

"நேத்து ராத்திரி என்ன சாப்பிட்டே?"

அந்த மூன்றாம் மேட், ரத்னகிரிக்காரன், வெகுநேரம் யோசித்தான். மீன் என்றான், இல்லை முட்டை என்றான். சொல்லிக்கொண்டிருக்கும்போதே நாற்காலியில் தலை சாய்ந்துவிட்டது. பெரிய மேட், சாப்பிட்டோமா என்பதே நினைவில்லை என்றான். மூன்றாவதாக பத்ரியையும் கேட்டான். விட்டுவிடுவானா? பத்ரி சும்மா சிரித்தான். இல்லாத மேட்டின் வேலையையும் சிங்கப்பூரிலிருந்து அவன்தான் பார்த்துக்கொண்டு வந்திருக்கிறான்.

சேஷுவின் மனசு குதி போட்டது. மாட்டிக்கொண்டான் மகராஜன்! இரண்டாம் மேட் ஏறி, எல்லோரும் வயிறாரச் சாப்பிட்டுக் கண்ணாரத் தூங்கும்வரை கப்பல் நகரக்கூடாது என்று உத்தரவு எழுதினான். ஏஜெண்ட் போனை எடுத்துக்கொண்டு வெளியே ஓடினான். சேஷு காகிதத்தை பத்ரியிடம் நீட்டிவிட்டு, அவன் முகம் தொங்குகிறதைப் பார்க்கக் காத்துக்கொண்டிருந்தான்.

பத்ரி இரண்டு தரம் படித்தான். பெருமூச்சு விட்டு நாற்காலியில் சாய்ந்தான். "அப்பாடா" என்றான்.

"என்னடா அப்பாடா?"

"ரெண்டு துறைமுகத்துல உன்னை மாதிரி சர்வேயர்கள் ஏறிப் பார்த்தா. எல்லாரும் எனக்குத் தெரிஞ்சவா. பரவாயில்ல கேப்டன்னு சொல்லிட்டுப் போயிட்டா. நானா நிறுத்தினா கம்பெனி என்னை ஆத்துக்கு அனுப்பிடும். பம்பாய்னு சொன்னதும்தான் எனக்கு உயிரே வந்தது. நீ இருக்கியே."

"ஃப்ரெண்டாச்சேன்னு நானும் விட்டிருந்தா?"

"நீயா? என்மேல உனக்கு இருக்கற வயித்தெரிச்சலுக்கு, நீயாவது விடறதாவது! கேடட்லேர்ந்து பாத்துண்டிருக்கேனேடா. அதை நம்பித்தான் இங்க வரைக்கும் கண்ணைத் திறந்து வச்சுண்டு வந்தேன்."

அதில் குத்தல் துளிக்கூட இல்லை. உன் கையெழுத்து அழகு என்று சொல்கிற மாதிரி சொன்னான். அடுத்த நிமிஷம் குறட்டை கேட்டது. சேஷுவுக்குக் காது மடலெல்லாம் எரிந்தது. உத்தரவைப் பிடுங்கிச் சுக்கல் சுக்கலாகக் கிழித்துவிடலாமா என்று கை பரபரத்தது. எப்படிக் கிழிப்பான்? எழுதினது அத்தனையும் நிஜமாயிற்றே. ஏணியில் இறங்கினான்.

சனிக்கிழமை வீட்டுக்குள் நுழைந்ததும் வைஜயந்தி வாயெல்லாம் பல்லாக வந்தாள். "பத்ரி போன் பண்ணினார். கம்பெனி அலறி அடிச்சுண்டு ஆள் அனுப்பிடுத்தாம். நீங்கதான் காப்பாத்தினேளாமே! சரசா சொசைட்டி பூரா சொல்லிண்டிருக்கா."

"ஏன் காப்பாத்தினேன்னு சொன்னானா?"

"உண்மையான ஃப்ரெண்டுன்னா அப்படித்தான் இருப்பான்னு சொன்னார்."

உள்ளதைச் சொல்லித் தொலைத்திருக்கக் கூடாதா, படுபாவி! காட்டிக் கொடுக்காத அந்தப் பெரிய மனசும் அவனுக்கே வாய்த்திருக்கிறதே என்று சேஷுவுக்கு வயிறு பற்றிக்கொண்டு எரிந்தது.