கரையேறி வந்தவனை அடித்தேன்

இனயம் கடற்கரையில் நான் ஒருவன் கையை ஒடித்தபோது எனக்கு இருபத்து நாலு வயது. திருவிதாங்கூரை ராணி ஆண்ட காலம்.

அவன் பக்கத்துக் குடிசைக்காரன். விடியலில் அண்ணனோடு கட்டுமரத்தில் போனவன் உச்சிப்பொழுதில் தனியாகக் கரையேறினான். "அண்ணன் எங்கலே?" என்று கேட்டார்கள். "அலை கொண்டு போயிட்டு" என்று மணலில் உட்கார்ந்துவிட்டான். பெண்கள் மாரடித்து அழுதார்கள். ஆண்கள் கடலைப் பார்த்தபடி நின்றார்கள். நான் மட்டும் அவன் மரத்தில் கிடந்த துடுப்பை எடுத்தேன்.

முதல் அடி தோளில். இரண்டாவது வாயில், பல் தெறித்தது.

"பயந்தாங்கொள்ளி! கூடப்பிறந்தவன விட்டுட்டு உயிரைத் தூக்கிட்டு வந்தியா?"

முகத்தை மறைக்கக் கையைத் தூக்கினான். அந்தக் கையில் அடித்தேன். எலும்பு ஒடிந்த சத்தம் எல்லோருக்கும் கேட்டது. அப்போதும் நிறுத்தாமல் விலாவில் மிதித்தேன்.

"தேடினேன் மக்கா, நாலு தடவ மரத்தைத் திருப்பினேன்" என்றான். வாயிலிருந்து ரத்தம் வழிந்தது. பொய்யில்லை, துடுப்புப் போட்டுப் போட்டு அவன் உள்ளங்கையில் தோலே இல்லை. அதைக் கண்டதும்தான் எனக்கு வெறி தலைக்கேறியது.

"திருப்புலே, மரத்தைத் திருப்புலேன்னு அவன் கத்தியிருப்பான். நீ கேக்காத மாதிரி துடுப்புப் போட்டிருப்பே. திரும்பிப் பாத்தப்போ கை மட்டும் தெரிஞ்சிருக்கும்!"

கூட்டத்தில் என் அக்கா நின்றாள். இரண்டு வருடம் முன்பு அவள் புருஷன் என்னோடு கடலுக்குப் போய்த் திரும்பவில்லை. மரம் கவிழ்ந்ததும் அத்தான் சத்தமில்லாமல் முங்கிவிட்டார் என்றுதான் அவளிடம் சொல்லியிருந்தேன். அவள் வந்து துடுப்பைப் பிடித்தாள்.

"ஏலே, அவரு கத்தினாரா?"

 என் முகத்தையே பார்த்தவள் துடுப்பைப் பிடுங்கி மண்டையில் போட்டாள். விழுந்தேன். மூன்று பேர் சேர்ந்து அவளை இழுக்கும்வரை அடித்தாள்.

அவன் கையை எலும்பு வைத்தியம் பார்க்கும் ஆசான் மூங்கில் தப்பை வைத்துக் கட்டினார். ஆனாலும் எலும்பு கோணலாகவே கூடியது. பிறகு அவன் கடலுக்குப் போகவில்லை. மண்டைக் காயம் ஆறியதும் அவன் வீட்டுக்குப் போனேன். இடது கையால் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தான். அத்தான் கூப்பிட்டதையும், அலைக்குப் பயந்து நான் திரும்பாததையும் முதல்முறையாக வாய்விட்டுச் சொன்னேன். காறித் துப்புவான் என்று எதிர்பார்த்தேன்.

"அந்த அலையில உனக்குக் கை ஓடியிருக்காது" என்றான். "அஞ்சாவது தடவ எனக்கும் ஓடல்ல."

அவன் இரக்கப்பட்டது எனக்குப் பொறுக்கவில்லை. அந்தக் கஞ்சிச் சட்டியைத் தூக்கி அவன் தலையில் உடைக்கவேண்டும் போலிருந்தது. கைகளைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வெளியே வந்தேன்.

அக்கா அதன் பிறகு என் வீட்டில் ஒரு வாய்த் தண்ணீர் குடித்ததில்லை.