டி டிரைவைத் திருப்பித் தந்த வடலூர் ஜோதி

சன்மார்க்க அன்பர்களே, போன ஆனி மாதத்தில் நான் பட்ட பாடு என் எதிரிக்கும் வரக்கூடாது. சோறு இறங்கவில்லை. உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றும், எழுந்தால் எங்கே போவதென்று தெரியாது. நெய்வேலி டவுன்ஷிப்பில் குவார்ட்டர்ஸில் இருக்கிறோம். என் கணவர் மைன்ஸில் பர்மனென்ட். நான் வீட்டிலிருந்தே லேப்டாப்பில் கல்யாண வீடியோ எடிட் செய்து கொடுக்கிறேன்.

அப்போது என் கையில் இருந்தது சேத்தியாத்தோப்புப் பக்கத்துக் கல்யாணம் ஒன்று. கல்யாணம் முடிந்த மறு மாதமே பெண்ணின் அப்பா மாரடைப்பில் போய்விட்டார். பெண்ணின் அம்மா அஞ்சலை அக்கா வீடு தேடி வந்தார்.

"எம்மா, அவரு ஒரு போட்டோவுக்கும் ஒழுங்கா நின்னதில்ல. வீடியோவுல பேசிக்கினு இருப்பாரு இல்ல? கருமாதிக்கு வர்ற சனம் பாக்கணும், எடுத்துக் குடுத்துடுங்க."

"கண்டிப்பா தரேங்க்கா" என்றேன்.

வீடியோ எடுத்தவர் எல்லாவற்றையும் என்னிடம் காப்பி செய்துவிட்டு, அடுத்த கல்யாணத்துக்காக மெமரி கார்டுகளை அழித்துவிட்டார். அந்த மனிதரின் குரல் இருந்தது என் லேப்டாப்பின் டி டிரைவில் மட்டும்தான்.

அந்த நேரம் பார்த்து எனக்குப் புத்தி பிசகியது. லேப்டாப் இழுத்து இழுத்து ஓடுகிறதே, விண்டோஸுக்குப் பக்கத்தில் லினக்ஸும் போட்டுக்கொண்டால் எடிட்டிங் சீக்கிரம் முடியும் என்று யாரோ சொன்னதைப் பிடித்துக்கொண்டேன். அதற்கு இடம் விட டி டிரைவைக் கொஞ்சம் சுருக்க வேண்டும். லேப்டாப்பின் பேட்டரியோ செத்துப்போய் ரொம்ப நாளாயிற்று. வெளியூர்க்காரர் யாரும் அந்த நிலையில் இப்படி ஒரு வேலையில் இறங்க மாட்டார்கள். நாட்டுக்கே கரண்ட் அனுப்புகிற ஊரில் நமக்கா கரண்ட் போகும் என்கிற திமிர் எங்கள் ஊர்க்காரர்களுக்கு உண்டு. எங்கள் வீட்டில் மெழுகுவத்திகூடக் கிடையாது.

கரண்ட் போகவும் இல்லை. ஷிப்ட் முடிந்து வந்த என் கணவர், ஹீட்டர் ஓடும்போதே அயர்ன் பாக்ஸையும் சொருகினார். லோடு தாங்காமல் வீடே டிரிப் ஆனது. டிரைவ் பாதி சுருங்கிய நிலையில் லேப்டாப் அணைந்தது.

"நீ இந்த வேல பண்ணிட்டிருக்கன்னு எனக்கென்னடி தெரியும்?" என்றார் பாவமாக. திட்டி ஒன்றும் ஆகப் போவதில்லை என்று தெரியும். இருந்தாலும் திட்டினேன்.

மறுபடி போட்டபோது விண்டோஸ் வந்தது. டி டிரைவைத் திறந்தால், இதை ஃபார்மட் செய்தால்தான் பயன்படுத்த முடியும், செய்யவா என்று கேட்டது. வேண்டாம் என்று மூடினேன். மறுபடி திறந்தேன், மறுபடி அதே கேள்வி. சென்னையில் கம்ப்யூட்டர் வேலையில் இருக்கும் என் கொழுந்தன் சரவணனுக்கு அடித்தால் போன் அணைந்திருந்தது. நடந்ததை மெசேஜ் போட்டு வைத்தேன். கருமாதி நெருங்கிக்கொண்டிருந்தது. எனக்குச் சும்மா இருக்கவே வராது. எதையாவது செய்தால்தானே வழி பிறக்கும், ஃபார்மட்டே செய்து பார்ப்போம் என்று விரல் 'ஓகே' மேல் போய் நின்றது.

அமுக்கினால் இருப்பதும் அழிந்துபோகுமோ என்று அப்போதுதான் உறைத்தது. "வள்ளல் பெருமானே, என் கையை நீங்களே பிடிச்சுக்கோங்க, என்னால முடியல" என்று வாய்விட்டு அழுதேன். நிமிர்ந்தால் காலண்டரில் அன்றைக்கு மாதப் பூசம், வடலூரில் ஜோதி காட்டும் நாள். லேப்டாப்பை மூடிவிட்டு வடலூர் பஸ் ஏறினேன்.

அங்கேயும் மனசு நிற்கவில்லை. ஜோதி தரிசன வரிசையிலேயே, திரும்பிப் போய் அந்தப் பட்டனை அமுக்கிவிடலாமா என்று அரித்தது. தரிசனமும் கண்மூடித் திறப்பதற்குள் முடிந்துவிட்டது, கூட்டம் தள்ளிக்கொண்டு போனது. அன்னதானம் நடக்கும் தருமச்சாலைப் பக்கம் குறுக்கும் நெடுக்கும் நடந்தேன். காய் நறுக்கிக்கொண்டிருந்த ஒரு பெண் என்னைக் கூப்பிட்டாள்.

"ஏங்க, எந்நேரமா அலஞ்சிக்கினே இருக்கீங்க? செத்த குந்தி இந்தப் பூசணிய அரிஞ்சி குடுங்க."

உட்கார்ந்தேன். ஒரு பூசணி முடிந்தால் இன்னொன்றை உருட்டிவிட்டாள். வெகு நேரம் கழித்துப் போன் அடித்தது. சரவணன். முழங்கையால் தள்ளி ஸ்பீக்கரில் போட்டேன்.

"அண்ணி, மெசேஜ் இப்பதான் பாத்தேன். ஃபார்மட் கிர்மட் குடுத்துட்டீங்களா?"

"இல்லப்பா. கையெல்லாம் பூசணிக்கா."

"அப்ப தப்பிச்சோம். அதத் தொடவே தொடாதீங்க. புதுசா எதாவது எழுதினா பழசு மேலயே போய் உக்காந்துடும். காலைல நான் வரேன்."

அந்த இடத்திலேயே விம்மி விம்மி அழுதேன். வீட்டில் இருந்திருந்தால் அவன் கூப்பிடுவதற்குள் நான் அதை அமுக்கியிருப்பேன். என்னை எனக்குத் தெரியாதா?

மறுநாள் சரவணன் வந்து, டிஸ்க் முழுவதையும் இருந்தது இருந்தபடியே வேறொரு டிஸ்க்குக்கு நகல் எடுத்தான். பிறகு அந்த நகலில் பழைய டி டிரைவைத் தேட ஒரு சாப்ட்வேரை ஓட விட்டான். அது ஆமையாக நகர்ந்தது. நான் ஹாலுக்கும் அடுப்படிக்கும் நடந்தே கால் ஓய்ந்தேன். சாயங்காலம் "அண்ணி, இங்க வாங்க" என்றான். போல்டர்கள் ஒவ்வொன்றாக வந்து நின்றன. எல்லாம் பிழைக்கவில்லை. ரிசப்ஷன் பாதி சிதைந்துபோனது. முகூர்த்தமும் பந்தியும் முழுசாக வந்தன.

கருமாதியன்று அவர்கள் வீட்டு டிவியில் போட்டோம். பந்தியில் சாம்பார் வாளியோடு அந்த அப்பா ஓடிக்கொண்டிருக்கிறார். கேமராவைப் பார்த்ததும் நின்று, "என்ன எதுக்குப்பா புடிச்சிக்கினு இருக்கிற? போய் மொதல்ல சாப்புடு" என்கிறார். கூடியிருந்தவர்கள் குலுங்கி அழுதார்கள். அஞ்சலை அக்கா மட்டும் சிரித்தார். "பாத்தீங்களா, இந்த மனுசன் யாரையும் பட்டினியா வுட மாட்டாரு" என்றார்.

அன்றோடு, பெருமான் சொன்னபடி, எங்கள் வீட்டில் கறி மீன் நின்றுவிட்டது. என் கணவர் முனகிக்கொண்டே சம்மதித்தார். எந்த வேலையையும் இரண்டு இடத்தில் காப்பி வைக்காமல் தொடுவதில்லை. என் பரபரப்பு அடியோடு போய்விட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் அது ஏறும்போது இப்போது கூப்பிட ஒருவர் இருக்கிறார். ஒரு நிமிடம்கூட நிம்மதியாகக் கைகூப்பி நிற்கத் தெரியாத எனக்கே அருட்பெருஞ்ஜோதி இரங்கியதென்றால், உங்களுக்கு இரங்காதா? கூப்பிடுங்கள், அன்பர்களே.