காலி ஆணி

டிவியில், வீடியோ கேமை வைத்து எடுத்த சிறுவர் படம். கதாநாயகன் சுரங்கத்துக்குள் குதித்ததும் மகள் சிரித்தாள். நான் படத்தில் அவனுக்குப் பின்னால் இருந்த சுவரைப் பார்த்தேன். வரிசையாகப் பித்தளை டோக்கன்கள். ஓர் ஆணி மட்டும் காலி.

எங்கள் தங்கவயல் சுரங்கத்திலும் இறங்குகிறவர் டோக்கனை எடுத்துப்போவார், ஏறியதும் மாட்டுவார். ஆணி காலியென்றால் ஆள் உள்ளே இருக்கிறார்.

ஒருநாள் ஷிஃப்ட் முடிந்த அப்பா, டோக்கனைச் சட்டைப்பையிலேயே மறந்து வீட்டில் தூங்கிவிட்டார். துணி துவைக்கப்போன அம்மா அதைக் கண்டு எழுப்பியதும் அப்பா சுரங்கத்துக்கு வெறுங்காலோடு ஓடினார். பின்னாலேயே நானும். அதற்குள் நாலு பேர் அவரைத் தேடி இறங்கியிருந்தார்கள். சேறும் வியர்வையுமாக மேலே வந்த பக்கத்து வீட்டு மாமா, "இன்னாபா, ஊட்லயா இருந்த?" என்று கேட்டு, அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதார்.

படத்தில் எல்லாரும் மேலே வந்து ஆடினார்கள். ஆணி காலியாகவே இருந்தது. மகள் டிவியை அணைக்கப் போனாள்.

"இரும்மா, ஒருத்தர் இன்னும் வரல," என்றேன்.