ஹாஜிரா பீயின் எண்ணெய்

இனாயத் பாயை நான் முதலில் பார்த்தபோது அவர் யாரோ ஒருவருடைய கைக்குட்டையை முகர்ந்துகொண்டிருந்தார். தி.நகரில் துணிக்கடைகளுக்குப் பின்னால் போகும் ஒரு சந்தில் அவர் கடை. இரண்டு பேர் நின்றால் மூன்றாவது ஆள் தெருவில்தான் நிற்க வேண்டும். வெளிநாட்டு சென்ட் வாங்க வசதியில்லாதவர்கள் அதை அடித்த துணியையோ காலி பாட்டிலையோ அவரிடம் கொண்டுவருவார்கள். மூன்று நாளில் அதே வாசனையைச் சின்ன சீசாவில் கலந்து கொடுப்பார். நாற்பது வருஷமாக இதுதான் தொழில். அதை அவர் மறைத்ததும் இல்லை. "ஒரிஜினல் வேணும்னா மாலுக்குப் போங்க. காப்பி வேணும்னா நம்ம கிட்ட வாங்க" என்பார்.

அன்று நான் சென்ட் வாங்கப் போகவில்லை. ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்ற பிறகு, படுக்கையில் இருப்பவர்களை வீட்டுக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளும் வேலை செய்தேன். அவருடைய மனைவி ஹாஜிரா பீக்குப் பக்கவாதம். மயிலாப்பூரில் இருந்த அவர்கள் வீட்டுக்கு இருபது மாதம் போனேன்.

ஹாஜிரா பீக்குப் பேச்சு போய்விட்டது. எந்த வாசனையும் ஒத்துக்கொள்ளவில்லை. பவுடர் போட்டால்கூட முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொள்வார். இனாயத் கடையிலிருந்து ஒவ்வொரு எண்ணெயாகக் கொண்டுவந்து பார்த்தார்; எல்லாவற்றுக்கும் சுவர்தான். கடைசியில், எதையும் பார்த்துச் செய்யாமல், தானாகவே ஒன்றைக் கலக்க ஆரம்பித்தார். ஏழு மாதம் ஆயிற்று. ஒரு நாள் காலை அதைத் தலையில் தடவினேன். அந்த அம்மாள் திரும்பிக்கொள்ளவில்லை. அசையும் கையால் என் கையைப் பிடித்து மூக்கருகே வைத்துக்கொண்டார். இனாயத் சமையலறைக்குள் போய்விட்டார்.

என்ன எண்ணெய் என்று தெரியாமல் நோயாளிக்குத் தினமும் தடவ முடியாது. கலவையைச் சொல்லச் சொன்னேன். அத்தர்காரர்கள் அளவை எழுதிவைப்பதில்லை; பெற்ற பிள்ளை கேட்டாலும் சொல்வதில்லை.

"வாய்ல வந்தா தொழிலே போச்சு சிஸ்டர்."

"தோல் புண்ணானா உங்க தொழிலா வந்து மருந்து போடும்?"

சொன்னார். வெட்டிவேர் ஒன்பது சொட்டு, மருக்கொழுந்து நாலு, எலுமிச்சை இலை மூன்று, இன்னும் இரண்டு சாமான்கள். நோயாளிக்காக நான் வைத்திருந்த ஃபைலில், ரத்த அழுத்தத்துக்கும் மலம் கழித்த நேரத்துக்கும் நடுவில் அதையும் எழுதிக்கொண்டேன்.

ஹாஜிரா பீ இறந்ததும் ஃபைலைக் குடும்பத்திடம் ஒப்படைத்தேன். அதுதான் முறை. மகள் புஷ்ரா கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டாள். அந்த எண்ணெயை இனாயத் அதன் பிறகு கலக்கவே இல்லை. வீட்டுக்கு வந்து போனவர்கள் கேட்டபோது, "அது அவளோடது" என்று முடித்துவிட்டார்.

இரண்டு வருஷம் கழித்து ஷ்ரேயா என்று ஒரு பெண் கடைக்கு வந்து ஒரு சீசாவை நீட்டினாள். அண்ணன் தாடிக்குத் தடவுகிற எண்ணெயாம், யானை விலையாம்.

"இதே மாதிரி போட்டுக் குடுங்க பாய்."

இனாயத் மூடியைத் திறந்தார். உடனே மூடினார். "இது நம்மளால ஆவாதும்மா."

அவர் அப்படிச் சொல்லி அந்தச் சந்தில் யாரும் கேட்டதில்லை. பக்கத்துப் பூட்டுக்கடை நூர் முஹம்மது எட்டிப் பார்த்து, "இன்னா பாய், மூக்கு அடைச்சிக்கிச்சா?" என்றாராம்.

கடையைச் சாத்திவிட்டு நேராக என் வீட்டுக்கு வந்தார். உட்காரவில்லை.

"யார் கிட்ட வித்தீங்க சிஸ்டர்?"

"எதை?"

"ஹாஜிரா எண்ணெயை. நான் வாயைத் திறந்து சொன்னது உங்க ஒருத்தர் கிட்டதான். இன்னைக்கு அது சீசால அடைச்சு விக்கிது. அடையாறுன்னு அட்ரஸ் வேற போட்டு..."

அடையாறு என்று சொன்னவர் அங்கேயே நிறுத்திவிட்டார். புஷ்ராவும் அவள் கணவன் ஜைத்தும் இருப்பது அடையாற்றில். கையால் செய்த சோப்பு விற்கிறோம் என்றுதான் ஜைத் மாமனாரிடம் சொல்லியிருந்தான்.

மறுநாள் நானும் கூடப் போனேன். பழி என் மேலும் விழுந்திருந்தது.

ஏசி போட்ட கடை. சுவரில் பெரிய பலகை: 'என் பாட்டியின் நூறு வருஷத்துக் கைப்பக்குவம். வேறெங்கும் கிடைக்காத அசல்.' ஜைத்தின் பாட்டி ஈக்காட்டுத்தாங்கலில் நன்றாகத்தான் இருக்கிறார். அவருக்குத் தெரிந்த எண்ணெய் கடலை எண்ணெய்.

"வாங்க மாமா. ஜூஸ் சொல்லட்டா?"

இனாயத் அடுக்கிலிருந்து ஒரு சீசாவை எடுத்து மேஜைமேல் வைத்தார். "இதை நிறுத்திடு நைனா. இது உன் மாமியாரோடது."

"கோச்சுக்காதீங்க மாமா. நாப்பது வருஷமா ஊரான் சென்ட்டைக் காப்பி அடிச்சு வித்துக்கினு கீறீங்க. அவன் வந்து உங்களைக் கேட்டானா?"

"காப்பின்னு சொல்லித்தாண்டா வித்தேன்."

"அதான் இன்னும் சந்துலயே கீறீங்க."

இனாயத் மகளைப் பார்த்தார். புஷ்ரா சீசாக்களுக்கு லேபிள் ஒட்டிக்கொண்டிருந்தாள். கை நிற்கவில்லை.

"நீயா குடுத்தே?"

"என் அம்மா ஃபைல் அப்பா. சிஸ்டர் என் கிட்டதான் குடுத்தாங்க, கையெழுத்து வாங்கிக்கினு." இன்னொரு லேபிளை ஒட்டினாள். "நீங்க பூட்டி வெச்சு இன்னா பண்ணப் போறீங்க?"

அது நோயாளியின் ஃபைல், வியாபாரத்துக்கு எழுதியது இல்லை என்றேன்.

"எழுதின கை உங்களுது சிஸ்டர். கமிஷன் வேணும்னா சொல்லுங்க" என்றான் ஜைத்.

இனாயத் ஃபைலைக் கேட்டார். உடனே எடுத்துக் கொடுத்தார்கள். எல்லாப் பக்கங்களும் அவர்கள் போனில் படமாக இருக்கின்றன. கொடுப்பதில் அவர்களுக்கு என்ன கஷ்டம். அவர் நின்ற இடத்திலேயே அந்தப் பக்கத்தைத் தேடிப் பிடித்து, கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தார்.

"தெளிவா எழுதியிருக்கீங்க சிஸ்டர்" என்றார். அது பாராட்டு இல்லை.

திரும்பும்போது பஸ்ஸில் இருவருக்கும் இடம் கிடைத்தது. அடுத்த நிறுத்தத்தில் தாடி வைத்த ஓர் இளைஞன் ஏறி, எங்கள் பக்கத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். அந்த வாசனை எனக்கே தெரிந்தது. நாற்பது வருஷம் மூக்கை வைத்துப் பிழைத்தவருக்குத் தெரியாமல் இருக்காது. இனாயத் நிமிர்ந்து அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"இன்னா பெரியவரே, இறங்கணுமா?" என்று அவன் ஒதுங்கி வழிவிட்டான்.

"ஆமா."

எங்கள் நிறுத்தம் வர இன்னும் நேரம் இருந்தது. நானும் இறங்கினேன். ஃபைலை என் கையில் திணித்தார்.

"நீங்க அடுத்த பஸ்ல வாங்க சிஸ்டர்" என்று சொல்லிவிட்டு, வெயிலில் அடையாறு பாலத்தின் மேல் தனியாக நடக்க ஆரம்பித்தார்.