காசியம்மாளுக்கு ஒத்துக்கொள்ளும் வண்டி

எங்கள் டிரைவர் ராஜேந்திரனின் மனைவிக்கு பஸ் ஒத்துக்கொள்ளாது. இதைச் சொன்னால் செங்கல்பட்டு பஸ் ஸ்டாண்டில் இன்றைக்கும் நாலு பேர் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். மனுஷன் செங்கல்பட்டுக்கும் மாமல்லபுரத்துக்கும் நடுவில் தனியார் பஸ் ஓட்டியே தலை நரைத்தவர். அவர் பிரேக் போட்டால் மடியில் தூங்குகிற குழந்தைகூட விழிக்காது. அதே பஸ்ஸில் கண்டக்டராக இருக்கிறவன் என்பதால் இதை நான் அடித்துச் சொல்வேன். என் பெயர் பக்தவத்சலம். ஊரில் பாதி பேருக்கு அது வாயில் நுழையாது, பக்தா என்று முடித்துக்கொள்வார்கள்.

அப்பேர்ப்பட்ட டிரைவரின் பெண்டாட்டி காசியம்மாள் அண்ணி பஸ் படியில் கால் வைத்தாலே போதும், முகம் வெளுத்துவிடும். ஒரே ஒரு தடவை எங்கள் வண்டியில் ஏறினார். திருக்கழுக்குன்றம் போய்ச் சேருவதற்குள் அவருக்காக வண்டியை நிறுத்தச் சொல்லி விசில் ஊதி ஊதி என் வாய் வலித்தது. காரும் அப்படித்தான். யாரோ கல்யாணத்துக்குக் காரில் அழைத்துப்போக, கல்யாணம் முடிகிற வரைக்கும் மண்டபத்து மாடியில் படுத்தே கிடந்தார். அது ஏசி நாற்றம், அதனால்தான் புரட்டுகிறது என்று நாங்களே ஒரு முடிவுக்கு வந்திருந்தோம்.

இதை வைத்து அவரை நோஞ்சான் என்று நினைத்துவிடாதீர்கள். அண்ணிக்கு வாழையிலை வியாபாரம். விடிந்தும் விடியாததுமாக மார்க்கெட்டில் இலைக்கட்டு எடுத்து, டி.வி.எஸ். வண்டியில் முன்னும் பின்னும் அடுக்கிக்கொண்டு, டிபன் கடை டிபன் கடையாகப் போடுகிறவர். இலைக்கட்டுக்கு நடுவில் அவர் தலை மட்டும்தான் தெரியும். ராட்டினங்கிணறு பக்கம் லாரிக்காரனே அவரைப் பார்த்தால் ஒதுங்கி வழி விடுவான்.

இப்படியே காலம் ஓடியிருக்கும். மகள் காயத்ரி கல்யாணமாகி கேளம்பாக்கத்துக்குப் போனதில்தான் வந்தது வினை. ரயில் மட்டும்தான் அண்ணிக்கு ஒத்துக்கொள்ளும், கேளம்பாக்கத்துக்கு ரயில் கிடையாது. அம்மாக்காரி எப்படிப் போவார்?

தலைப்பொங்கலுக்குப் பெண்ணைப் பெற்றவர்கள் ஜோடியாகப் போய் சீர் வைக்க வேண்டும். டிரைவரும் நானும் ஜோடியாகப் போனோம். ஒரு தட்டில் புடவையும் வேட்டியும், இன்னொரு தட்டில் வெல்லமும் மஞ்சள்கொத்தும், நடுவில் நான் அசட்டுச் சிரிப்போடு. "பொண்ணப் பெத்த மகராசிக்கு இங்க வர்றதுக்கு நேரமில்லயா?" என்று சம்பந்தியம்மா சிரித்துக்கொண்டே கேட்டார். சிரித்துக்கொண்டே கேட்பதுதான் கூடுதலாக வலிக்கும். காயத்ரி சட்டென்று அடுப்படிக்குள் போய்விட்டாள். டிரைவர் இதைப் பற்றி வீட்டில் மூச்சு விடவில்லை. நான்தான் உளறிவிட்டேன். என் வாய்க்குப் பூட்டு கிடையாது.

மறுநாளே அண்ணி வீம்பாக பஸ் ஏறிவிட்டார். வாடிய கீரைக்கட்டு மாதிரி கேளம்பாக்கத்தில் இறங்கி, மகள் வீட்டில் சாயந்திரம் வரைக்கும் கண்ணைத் திறக்க முடியாமல் படுத்துக் கிடந்துவிட்டுத் திரும்பி வந்தார்.

"எப்டி கீது பொண்ணு வூடு?" என்று கேட்டேன்.

"ஃபேன் நல்லா கீது. அத மட்டும்தான் பாத்தேன்" என்றார். சொல்லிவிட்டு அழுதார். நான் அவர் அழுது பார்த்தது அதுதான் முதல் தடவை.

டி.வி.எஸ்.ஸிலேயே போய்விடுகிறேன் என்று ஒருநாள் கிளம்பியும் விட்டார். ஓ.எம்.ஆர். ரோட்டில் டிப்பர் லாரிக்கு நடுவில் அந்த வண்டியா என்று டிரைவர் சாவியைப் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். அன்றைக்கு இலை வராமல் ஊரில் பாதி டிபன் கடையில் பேப்பர் தட்டுதான்.

இந்தச் சமயத்தில்தான் ஆபிரகாம் சாரின் கார் விலைக்கு வந்தது. ரிட்டயரான மனுஷர். கண் சரியாகத் தெரியாததால் ஓட்டுவதை விட்டுவிட்டார். பழைய சின்ன கார், வெயிலில் நின்று நின்று சிவப்பு நிறம் பல்பொடி நிறத்துக்கு வந்திருந்தது. விலை கொள்ளை மலிவு. அதனாலேயே எனக்குச் சந்தேகம். மெக்கானிக் மோகனைக் கூட்டிப்போய்க் காட்டினோம். அவன் அடியில் படுத்துப் பார்த்தான், முடுக்கிப் பார்த்தான், புகையை முகர்ந்துகூடப் பார்த்தான். இன்ஜின் கல்லு மாதிரி இருக்கிறது, கிளட்ச் மட்டும் கொஞ்சம் தேய்மானம் என்றான். ஆர்.சி. புக், இன்சூரன்ஸ் எல்லாம் சுத்தம்.

ஆபிரகாம் சார் நேர்மையான ஆள். குறைகளை அவரே சொல்ல ஆரம்பித்தார்.

"ஏசி வேலை செய்யாது, முன்னாடியே சொல்லிடறேன்."

"ரொம்ப சந்தோஷம் சார்!" என்று டிரைவர் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

சார் குழம்பிப்போய் என்னைப் பார்த்தார். "பின்னாடி எடது பக்கம் கண்ணாடி முழுசா ஏறாது."

"காத்து நல்லா வரும். அருமை சார்."

"ஹாரன் சத்தம் கொஞ்சம் கம்மி" என்று அமுக்கிக் காட்டினார். கோழிக்குஞ்சு கத்தியது. டிரைவரின் முகம் தொங்கிப்போனது. காற்று ஹாரன் அடித்து மாட்டையும் மனுஷனையும் கலைத்தவர், பாவம்.

வெளியே வந்ததும் என் தோளில் கை போட்டார். "மோகன் இன்ஜின பாத்துட்டான் பக்தா. ஆனா இன்னும் ஒரு டெஸ்ட்டு பாக்கி கீது. காசி ஒக்காந்து மாமல்லபுரம் வரிக்கும் வாந்தி எடுக்காம வந்துட்டா வாங்கிடலாம். இல்லாங்காட்டி ஓசில குடுத்தாகூட வாணாம்."

எங்களுக்கு விடுப்பு கிடைத்த ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை சாரிடம் காரை இரவல் வாங்கிக்கொண்டு கிளம்பினோம். அண்ணி முன்சீட்டில். அடியில் நியூஸ்பேப்பர் விரித்து அதன்மேல் உட்கார்ந்திருந்தார். பேப்பர்மேல் உட்கார்ந்தால் புரட்டாது என்று யாரோ சொன்னார்களாம். மூக்கருகில் எலுமிச்சம்பழம், மடியில் பிளாஸ்டிக் பை, வயிற்றில் ஒன்றும் இல்லை. பரீட்சை எழுதப் போகிற பிள்ளை மாதிரி முகம். நான் பின்சீட்டில்.

டிரைவருக்கு வேறு மாதிரி ஓட்டத் தெரியாது. அந்தச் சுண்டைக்காய் வண்டியை பஸ் மாதிரியே அகலமாக வளைத்தார். பஸ் ஸ்டாப் வந்தால் கால் தானாக பிரேக்குக்குப் போனது. வண்டி நின்றதும் என் வாய் தானாக, "ரைட், போலாம்!" என்றது. அவரும் உடனே எடுத்தார். இப்படியே ஒவ்வொரு ஸ்டாப்பாக நின்று, ஒவ்வொரு ஸ்டாப்பாகக் கிளம்பினோம். எங்களுக்கு அது தப்பாகவே படவில்லை.

திருக்கழுக்குன்றம் ஸ்டாப்பில் நின்றபோது பின்கதவைத் திறந்துகொண்டு சரோஜா ஏறி உட்கார்ந்தார். மாமல்லபுரத்தில் சங்கு, சோழி மாலை விற்கிறவர். தினமும் எங்கள் பஸ்ஸில்தான் போவார். டிரைவர் முகத்தையும் என் முகத்தையும் பார்த்தார், வண்டியைப் பார்க்கவில்லை. "ஒரு மாமல்லபுரம்" என்று பணத்தை நீட்டினார். நான் வாங்கி, சில்லறையும் கொடுத்துவிட்டேன். "ரைட்!" என்றேன். வண்டி கிளம்பியது.

கொஞ்ச தூரம் போன பிறகுதான் சரோஜா தலையை நிமிர்த்தி, "இன்னாப்பா, இன்னிக்கு பஸ்ஸு சின்னதா கீது?" என்றார்.

அவ்வளவுதான். அண்ணி எலுமிச்சம்பழத்தைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தார். பின்னால் திரும்பித் திரும்பி, சரோஜாவைப் பார்த்து, என் கையில் இருந்த பணத்தைப் பார்த்து, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். டிரைவர் கண்ணாடி வழியாக எனக்குக் கண்ணடித்தார். ஜெயித்துவிட்டோம் என்று எனக்கும் தலைகால் புரியவில்லை. தலைப்பொங்கல் முடிந்துபோனதைக்கூட யோசிக்காமல், சீர்த்தட்டை எங்கே வைப்பது என்று பின்சீட்டை அளந்து பார்த்தேன்.

மாமல்லபுரத்துக்கு இன்னும் கொஞ்ச தூரம்தான். திடீரென்று சிரிப்பு நின்றது. "நிறுத்துயா" என்றார் அண்ணி, மெதுவாக.

சவுக்குத் தோப்போரம் சரோஜாதான் அவர் தலையைப் பிடித்துக்கொண்டார். டிரைவர் பானட்டில் கை வைத்தபடி வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார். நான் கிட்டே போனேன்.

"சாவிய சார்கிட்ட குடுத்துரலாம் பக்தா" என்றார். "அவ பொண்ணப் பாக்கணும்னு கேக்கறா. ஊர் சனத்தையெல்லாம் ஏத்திகினு போறேன், என் பொண்டாட்டிய ஏத்திகினு போவ முடியல என்னால."

எனக்கு ஆறுதல் சொல்லத் தெரியவில்லை. ஹாரனும் மட்டம்தான் அண்ணாத்த, விடுங்க என்றேன்.

வாயைக் கொப்பளித்துவிட்டு வந்த அண்ணிக்கு எங்கிருந்து கோபம் வந்ததோ! "ஆமாயா, மூட்டை மாதிரி என்னைத் தூக்கி ஒக்கார வெச்சுகினு நீங்களே ஓட்டுங்க. பஸ்ஸுல மூட்டை, கார்ல மூட்டை. என் டி.வி.எஸ்.ஸுல என்னிக்காவது வாந்தி எடுத்தேனா? காலையிலேர்ந்து மதியம் வரிக்கும் அதுலதானே சுத்திகினுகீறேன்?"

நாங்கள் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். எத்தனை வருஷமாக இதே மனுஷி எங்கள் கண்ணெதிரே இலைக்கட்டோடு ஊரைச் சுற்றுகிறார்! ஒருத்தருக்காவது தோன்றியதா? ஓட்டுகிறவருக்குப் புரட்டாது. வண்டி எப்போது திரும்பும், எப்போது குலுங்கும் என்று கைக்கு முன்னாலேயே தெரிந்துவிடுகிறது. இதைப் பிழைப்பாக வைத்திருக்கிற எங்கள் இரண்டு பேர் மண்டையிலும் களிமண்தான் இருந்திருக்கிறது.

பக்கத்திலேயே மனை போட்ட இடம் ஒன்று இருந்தது. வாசலில் அலங்கார வளைவு கட்டி, கொடி நட்டு, தார் ரோடு போட்டு, வீடு மட்டும் ஒன்றுகூட இல்லாத இடம். இந்தக் கரையோரம் அதற்குப் பஞ்சமே கிடையாது. காரை உள்ளே விட்டு, அண்ணியை ஸ்டீரிங் பின்னால் உட்கார வைத்தோம். டிரைவர் இடது பக்கம். "இது கிளட்ச்சுமே, மெதுவா வுடு, மெதுவா..."

வண்டி தவளை மாதிரி குதித்து நின்றது. மறுபடி குதித்தது. சரோஜா கடவுள் பெயரெல்லாம் சொன்னார். அப்புறம் எப்படியோ பிடி கிடைத்துவிட்டது. அண்ணி "ஏய்ய்ய்!" என்று ஒரு கூச்சல் போட்டார். கார் ஓடியது! முதல் தெரு, இரண்டாம் தெரு, ஆள் இல்லாத பூங்கா, கட்டாத கோயில், எல்லாவற்றையும் சுற்றினோம். ஒவ்வொரு காலி மனைக்கும் ஒரு ஹாரன். கோழிக்குஞ்சு விடாமல் கத்தியது. வளைவில் அவர் டி.வி.எஸ். மாதிரியே உடம்பைச் சாய்த்தார், பின்னால் நாங்களும் சாய்ந்தோம். சரோஜா இப்போது கைதட்டிக்கொண்டிருந்தார். கடைக்குப் போகும் நினைப்பே அவருக்கு இல்லை.

டிரைவரின் கால் இரண்டும் அங்கே இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டிருந்தன. மீசைக்கு மேலே வேர்த்திருந்தது. நாலாவது தெருவில், "நிறுத்துமே" என்றார்.

"இன்னாயா?"

"நிறுத்தும்மே!"

கதவைத் திறந்தவர் பிளாட் எண் எழுதியிருந்த கல்லைப் பிடித்துக்கொண்டு குனிந்தார். இத்தனை வருஷம் லட்சம் பேரை ஏற்றி இறக்கியவர், பெண்டாட்டி ஓட்டின காரில் வாந்தி எடுத்தார். அண்ணி அவர் முதுகைத் தடவிக்கொண்டே சிரித்த சிரிப்பு இருக்கிறதே! சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. என்னால் நிற்கவே முடியவில்லை, தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

டிரைவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தார். அவரைப் போலச் சந்தோஷமாக வாந்தி எடுத்தவனை நான் கண்டதில்லை. "வண்டி நல்ல வண்டி பக்தா. வாங்கிடலாம்" என்றார்.

சரோஜா டிக்கெட் பணத்தைத் திருப்பிக் கேட்டு வாங்கிக்கொண்டுதான் மாமல்லபுரத்தில் இறங்கினார்.

அதற்கப்புறம் டிரைவிங் ஸ்கூல், எல்.எல்.ஆர்., லைசென்ஸ் என்று மாதங்கள் ஓடின. இலை வாங்குகிற கடைக்காரர்களெல்லாம் அண்ணியின் புகைப்படத்தோடு வந்த அந்த அட்டையை வாங்கிப் பார்த்தார்கள். ஆடி மாசம் வந்தது. தலையாடிக்குப் பெண்ணை அழைத்துவரக் கிளம்பினோம். திருப்போரூர் வழியாக அண்ணி ஓட்டினார். டிரைவர் இடது பக்கம் கண்ணை மூடிக்கொண்டு வந்தார். நான் பின்னால் சீர்த்தட்டைக் கட்டிப் பிடித்தபடி. டிப்பர் லாரிகள் போய்க்கொண்டுதான் இருந்தன. அண்ணி தன் பக்கத்தில் தன் போக்கில் போனார்.

கேளம்பாக்கத்தில் ஃபிளாட் வாசலில் நிறுத்தினோம். சம்பந்தியம்மா மாடியில் இருந்து எட்டிப் பார்த்துவிட்டு அப்படியே நின்றுவிட்டார். காயத்ரி பாயும் தலையணையும் போட்டு வைத்துவிட்டு, அம்மாவைத் தாங்கிப் பிடிக்கக் கீழே ஓடி வந்தாள். ஓட்டுகிற பக்கக் கதவைத் திறந்து அண்ணி இறங்கினார். தலையில் வைத்த பூ கலையவில்லை.

"அம்மா, படுத்துக்கறியா?"

"படுக்கறதா? பசிக்குதுடி. இன்னா கொழம்பு வெச்சிகீற?"

காயத்ரி அம்மாவைக் கட்டிக்கொண்டாள். அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொண்டே இலை போட மேலே ஓடினாள். அண்ணி அந்த வீட்டில் முதன்முதலாக உட்கார்ந்து, இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.