லைன் உசுரோடதான் இருக்கு

துணியின் ஓரம் தைத்து முடிந்ததும் டெய்லர் பெடலிலிருந்து காலை எடுக்கிறார். எழுந்து போய் போன் ரிசீவரைத் தூக்கிக் காதில் வைக்கிறார். யாரோடும் பேசுவதற்கில்லை. அந்த ஒற்றை 'ங்' சத்தம் கேட்டதும், "உசுரோடதான் இருக்கு" என்று யாருக்கோ பதில் சொல்வதுபோல் முணுமுணுத்துவிட்டுக் கீழே வைக்கிறார். சரியாக உட்கார்ந்ததா என்று உள்ளங்கையால் ஒருமுறை அழுத்திப் பார்க்கிறார். பிறகு அடுத்த ஓரம்.

ஐம்பதைத் தாண்டிய மெலிந்த மனிதர். கழுத்தில் அளவு நாடா, சட்டைப் பையில் சின்னக் கத்தரி. வீடு, கடை எல்லாமே தெருமட்டத்துக்குக் கீழே படி இறங்கிப் போகும் இரண்டு அறைகள்தான். அங்கே செல்போன் வெறும் டப்பா. சிக்னல் வேண்டுமென்றால் மாடியில் என் வீட்டுக்கு ஏறி வரவேண்டும். ஆகவே அந்தப் பழைய கம்பி போன்தான் அவருக்கு எல்லாம்.

இத்தனை பாடும் மகளுக்காக. பத்தொன்பது வயதுப் பெண். இரண்டு சிறுநீரகமும் கைவிட்டுவிட்டன. ஆஸ்பத்திரிக்குப் போய் ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு சக்கையாகத் திரும்பி வருவாள். மாற்றுச் சிறுநீரகம் கேட்டுப் பதிந்து வைத்திருக்கிறார்கள். கிடைத்தால் ஆஸ்பத்திரி கூப்பிடும். எடுக்கவில்லையென்றால் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிடும். அது எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியாது.

"பாப்பாவோட உசுரு இந்தக் கம்பிக்குள்ளதான் ஓடுது தம்பி," என்பார் என்னிடம்.

அதனால் கம்பிக்கு வரக்கூடிய அத்தனை கேடும் அவருக்கு அத்துப்படி. எலி கடிக்கும் என்று தரையோரம் கிடந்த வயரைச் சுவரில் உயரத் தூக்கி அடித்திருக்கிறார். கதவிடுக்கில் நசுங்கும் என்று உள்ளறைக் கதவையே கழற்றிவிட்டார். அங்கே இப்போது அவர் தைத்த திரை தொங்குகிறது. உள்ளே அடுப்பு மூலையில் இதே லைனில் இருந்த இன்னொரு போனும் பரணுக்குப் போய்விட்டது. "அதுல ரிசீவர் சரியா உட்காரலைன்னா இதுவும் சேர்ந்து அடைச்சுக்கும்," என்றார். அவர் மனைவிக்கு எரிச்சல்தான். "என் முகத்தை இத்தனை தடவை பார்த்திருப்பாரா இந்த மனுஷன்?" என்று கேட்பார். ஆனால் போனைத் துடைக்கும்போது அந்த அம்மாளும் மூச்சைப் பிடித்துக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன்.

மழைதான் டெய்லருக்கு எமன். ஒருமுறை மழையில் லைன் கரகரவென்று இரைந்து செத்துப்போனது. லைன்மேன் வந்து வாசல் சுவரிலிருந்த பெட்டியைத் திறந்தார். ஈரம் இறங்கி, கம்பி முடிச்சில் பச்சையாகக் களிம்பு பிடித்திருந்தது. அதை வெட்டி எறிந்துவிட்டுப் புதிதாக முறுக்கிக் கட்டினார். "இனி இதுல பயமில்லண்ணே. பாதி வீட்டுல கோளாறே ரிசீவரைக் கீழ வைக்காம விடறதுதான். அதை மட்டும் பார்த்துக்குங்க," என்று சொல்லிவிட்டுப் போனார். டெய்லர் தலையைத் தலையை ஆட்டினார். மனதில் தங்கியதென்னவோ களிம்பு மட்டும்தான்.

போன வாரம் நல்ல மழை. பிற்பகலில் என் செல்போன் அடித்தது. அவசரத்துக்கு இருக்கட்டும் என்று டெய்லர் என் நம்பரையும் ஆஸ்பத்திரியில் கொடுத்திருந்தார்.

"டெய்லர் வீட்டு நம்பர் எத்தனை தடவை போட்டாலும் எங்கேஜ்டாவே இருக்கு. அப்படி யாரோட பேசிட்டிருக்காங்க?" என்றது ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு பெண் குரல்.

"மறுபடி போடுங்க, இதோ சொல்றேன்" என்று செருப்புக்கூட இல்லாமல் படியிறங்கி ஓடினேன்.

டெய்லர் காதில் ரிசீவரோடு கண்ணை மூடிக்கொண்டு நின்றிருந்தார். மழை பிடித்ததிலிருந்து அப்படித்தானாம். கரகரப்பு வருகிறதா என்று கேட்பது, சத்தம் மாறினால் ரிசீவர் உட்காரும் பொத்தானை ஓர் அழுத்து அழுத்தி மறுபடி கேட்பது.

"வைங்கண்ணே! ஆஸ்பத்திரியிலேர்ந்து கூப்பிடறாங்க!"

வைத்தார். வைத்த கை அங்கேயே நின்றுவிட்டது. மணி அடித்தபோது அந்தக் கையால் எடுக்க முடியவில்லை. மகள்தான் திரையை விலக்கிக்கொண்டு வந்து எடுத்தாள். நல்லவேளை, அந்த அழைப்பு இல்லை. நம்பர் வேலை செய்கிறதா என்று பார்க்கக் கூப்பிட்டிருக்கிறார்கள், அவ்வளவுதான். "வேலை செய்யுதுங்க," என்றாள் அவள், அப்பாவைப் பார்த்துக்கொண்டே.

அவர் ஸ்டூலில் சரிந்து உட்கார்ந்தார். "எலிக்குப் பயந்தேன், மழைக்குப் பயந்தேன். கடைசியில நானே அடைச்சுக்கிட்டு நின்னிருக்கேனே தம்பி. இது அந்தப் போனா இருந்திருந்தா?"



இன்று மறுபடி வானம் இருட்டிக்கொண்டு வந்தது. பொத்தான் வைக்கக் கொடுத்திருந்த சட்டையை வாங்கப் போயிருந்தேன். முதல் தூறல் வாசல்படியில் விழுந்ததுமே டெய்லரின் வலது கை தன்னால் போன் பக்கம் நீண்டது. பாதியில் நிறுத்திக்கொண்டு மெஷினுக்குத் திரும்பினார். நூல் கோத்த ஊசி ஒன்றை எடுத்து, இடது கையாலேயே, தான் போட்டிருந்த முழுக்கைச் சட்டையின் வலது கை விளிம்பைக் கால்சட்டை முட்டியோடு சேர்த்து லேசாக ஓட்டுத்தையல் போட ஆரம்பித்தார்.

நான் திகைத்து நிற்பதைப் பார்த்து, "மணி அடிச்சா ஒரே இழுப்புல கை வந்துரும் தம்பி," என்றார். "சும்மா எடுத்துப் பார்க்கத்தான் விடாது."

மழை வலுத்தது. குனிந்து பல்லால் நூலைக் கடித்தார். கண் மட்டும் போனைவிட்டு நகரவில்லை.