சேதம் பார்க்க வந்தவர்

அந்த வருசம் வெள்ளம் நானாட்டான் பக்கம் புகுந்தபோது அக்கா வீட்டின் பின்சுவர் முழுவதும் சரிந்து விழுந்தது. சமைக்கிற குசினியும் படுக்கிற அறையும் வெளியே தெரிந்தன. அத்தான் தறப்பாள் கட்டி மறைத்திருந்தார். சேதம் பார்க்க ஒரு உத்தியோகத்தர் வருவார், அவர் எழுதுவதை வைத்துத்தான் நிவாரணம் கிடைக்கும் என்று சொல்லியிருந்தார்கள்.

அவர் வருவதற்கு முதல்நாள் அக்கா எனக்குப் போன் எடுத்தாள்.

"நல்ல நண்டாப் பார்த்து வாங்கிக்கொண்டு வா. வீட்டுக்கு ஆக்கள் வருகினம்."

யாரோ சொந்தக்காரர் என்றுதான் நினைத்தேன். விடியப் பள்ளிமுனைக் கரைக்குப் போய், வள்ளம் வந்ததும் பெரிய நண்டாகப் பொறுக்கி, ஐஸ் பெட்டியில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

நான் போய்ச் சேர்ந்தபோது உத்தியோகத்தர் முற்றத்தில் கதிரை போட்டு இருந்தார். என் மகனின் வயதுதான் இருக்கும். அயலவர்களும் தங்கள் வீட்டுச் சேதத்தைச் சொல்வதற்காகச் சுற்றி நின்றார்கள். விழுந்த சுவரை அவர் எட்டியும் பார்க்கவில்லை. அத்தான் என் கையிலிருந்த பெட்டியை வாங்கி அவருடைய காலடியில் வைத்தார். எனக்கு அப்போதுதான் விளங்கியது.

உத்தியோகத்தர் மூடியைத் திறந்தார். ஒரு நண்டைத் தூக்கி வயிற்றை அமத்திப் பார்த்தார்.

"சதை காணாது போல கிடக்கு," என்றார். பிறகு அத்தானைப் பார்த்து, "இறால் கிடைக்கேல்லையோ?"

அத்தனை பேருக்கு முன்னால் கேட்டார். அத்தான் கைகட்டி நின்றார். சந்தையில் யாரோ பேரம் பேசுவதைப் பார்ப்பதுபோல மற்றவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

நானும் ஓய்வு பெறும்வரை அரசாங்கக் கந்தோரில் வேலை செய்தவள். அந்தக் காலத்திலும் வாங்கினார்கள், இல்லையென்று சொல்லவில்லை. எழுத்து வேலைக்காரர் எல்லோருக்கும் மேலே இருந்த எங்கள் பெரிய லிகிதரின் வீட்டுக்குப் பின்பக்கத்தால் ஆட்டிறைச்சி போகும். கொடுத்தவர் அடுத்த நாள் கந்தோருக்கு வந்தால், பெரிய லிகிதர் கோப்பிலிருந்து தலையை நிமிர்த்தமாட்டார். கள்ளன்தான். ஆனால் தான் கள்ளன் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. "முந்தியும் இப்பிடித்தான், இப்ப போனில படம் பிடிச்சுப் போடுறதால வெளியில தெரியுது" என்று சொல்கிறவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. அன்றைக்கு அந்த முற்றத்தில் யாரும் படம் பிடிக்கவில்லை. ஒளிக்க வேண்டும் என்ற நினைப்பே இல்லாதவனை யார் படம் பிடித்து என்ன? வெட்கம் கெட்ட பிறகு களவு கூடாமல் என்ன செய்யும்?

நான் கிட்டப் போனேன்.

"தம்பி, சுவரைப் பார்த்திட்டீங்களோ?"

"நீங்கள் ஆர்?"

"இந்த வீட்டுக்காரியின்ர தங்கச்சி. இந்த நண்டு நான் அக்காவுக்குக் கொண்டுவந்தது. உங்களுக்கில்லை."

பெட்டியை மூடித் தூக்கிக்கொண்டு உள்ளே போனேன். அவர் கோபப்படக்கூட இல்லை. கைலேஞ்சியால் விரலைத் துடைத்துவிட்டு, "பகுதிச் சேதம்" என்று சொல்லி எழும்பினார். அடுத்த வீட்டில் ஒரு ஓடும் அசையவில்லை. அதற்கு முழுச் சேதம் எழுதினார் என்று பின்னேரம் அறிந்தோம்.

அக்கா குசினிக்குள் வந்து என் முன்னால் நின்றாள்.

"என்னடி செய்து வைச்சிருக்கிறாய்? நீ பஸ் ஏறிப் போயிடுவாய். தறப்பாளுக்குள்ள படுக்கிறது என்ர பிள்ளையள்."

அவள் சொன்னதில் பிழையில்லை. என் கூடப்பிறந்தவளின் வாயிலிருந்து அப்படி ஒரு சொல்லை அந்த உத்தியோகத்தன் வரவைத்தானே, அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

நான் இருக்கிற மன்னாருக்குத் திரும்பி வந்து மேலிடத்தில் முறைப்பாடு கொடுத்தேன். அக்கா வீட்டுக்கு விசாரணைக்கு ஆள் வந்த அன்று நானும் போயிருந்தேன். முற்றத்தில் நின்ற அயலவர்கள் எல்லோரும் ஒன்றும் காணவில்லை என்று சொல்லிவிட்டார்கள். அவர்களில் ஒருவர் வாசல் படலை வரைக்கும் என்னோடு நடந்து வந்தார்.

"குறை நினையாதேங்கோ அக்கா. அடுத்த வெள்ளத்துக்கும் இவைதானே பார்க்க வருவினம்."

சில மாதங்களில் அந்த உத்தியோகத்தருக்கு வேறு ஊருக்கு மாற்றம் வந்தது, பதவி உயர்வோடு. அத்தான் உழவு இயந்திரத்தை விற்றுச் சுவரைக் கட்டினார். இப்போது தன் வயலை உழ இன்னொருவரின் இயந்திரத்துக்காகக் காத்திருக்கிறார்.

அக்கா நெடுநாள் என்னோடு கதைக்கவில்லை. பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்கு வந்தாள். தேத்தண்ணி கொடுத்தேன். குடித்து முடித்துக் கோப்பையைக் கீழே வைத்தாள்.

"உன்னில கோவமில்லை," என்றாள். "ஆனா இனி அப்பிடி ஆரும் வீட்டை வந்தா நீ வராத."

"வருவன்," என்றேன்.